ஏ.சி.எல்.எஸ். தேர்வில் தோற்றுவிட்டேன், ஐ.சி.யூ. வேலை போய்விடுமா?

காவிரிக் கரை மாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸ். நிர்வாகம் பணம் கட்டி, இவரோடு ஆறு பேரை இரண்டு நாள் ஏ.சி.எல்.எஸ். (இதயத் துடிப்பு நின்றவரை மீட்கும் மேம்பட்ட உயிர்காப்பு) பயிற்சிக்கு அனுப்பியது. ஐந்து பேர் தேறினார்கள். இவருக்கு எழுத்துத் தேர்வில் 50-க்கு 39. பொம்மை நோயாளியை வைத்து, டீம் தலைவராக நின்று செய்துகாட்டும் மெகாகோட் என்கிற செய்முறைத் தேர்விலும் 'மறுபயிற்சி தேவை' என்று எழுதிவிட்டார்கள். மறுதேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

'மானிட்டரில் ரிதம் நார்மலாக வந்ததும் ஆர்.ஓ.எஸ்.சி. (இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது) என்று சொன்னேன். பயிற்றுநர் எதுவும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதே தெரிந்துவிட்டது' என்கிறார். அவருடைய கேள்விகள் இவை. நர்சிங் கவுன்சில் பதிவில் இது ஏறுமா? பயிற்சிக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார் நர்சிங் சூப்பரின்டென்டன்ட், பிடிக்கலாமா? வகுப்புக்குப் போகாமலே ஆன்லைனில் கார்டு வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். வளைகுடா வேலைக்கு அது போதுமா? நான்கு ஆண்டு ஐ.சி.யூ. அனுபவம் இருந்தும் ஏன் தோற்றேன்? ஆங்கிலம் சரளமாக வராதது காரணமா?

சிஸ்டர், முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஏ.சி.எல்.எஸ். என்பது அமெரிக்க இதயச் சங்கம் நடத்தும் ஒரு பயிற்சியின் நிறைவுச் சான்று. அது தொழில் உரிமம் அல்ல. நீங்கள் நர்ஸாக வேலை செய்ய உரிமை தருவது தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு. இந்தத் தேர்வின் முடிவு அங்கே போவதில்லை. உங்கள் பதிவு எண்ணின் மேல் ஒரு கீறலும் விழாது. பயிற்சி மையத்திலும் 'தோல்வி' என்று முத்திரை குத்தி உங்களை வெளியே அனுப்பவில்லை. மறுபயிற்சி தேவை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குறைந்த இடத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வரலாம் என்பதுதான் அதற்குப் பொருள்.

உங்கள் எழுத்து மதிப்பெண்ணையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தேற 84 விழுக்காடு வேண்டும், அதாவது 50-க்கு 42. நீங்கள் மூன்று கேள்வியில் விட்டிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டியது மெகாகோட்தான்.

மெகாகோடில் என்ன நடந்தது

நீங்கள் எழுதியதிலிருந்து ஓட்டம் தெளிவாகவே தெரிகிறது. நோயாளிக்கு முதலில் பிராடிகார்டியா (துடிப்பு மிக மெதுவாதல்), பிறகு வி.எஃப். (இதயம் ஒழுங்கின்றி நடுங்குதல்), பிறகு பி.இ.ஏ. (மானிட்டரில் ரிதம் இருந்தும் நாடி இல்லாமை). வழக்கமான வரிசைதான். மூன்று இடத்தில் தடுமாறியிருக்கிறீர்கள். மூன்றுமே ஐ.சி.யூ. பழக்கத்தால் வந்தவை என்பது என் கணிப்பு. அனுபவம் இருந்தும் தோற்றேன் என்கிறீர்கள். அந்த அனுபவத்தில் ஒரு பகுதிதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது.

முதல் இடம் அட்ரோபின், மெதுவான துடிப்பை உயர்த்தும் மருந்து. 'ஒரு ஆம்பூல் அட்ரோபின்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வார்டில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் நம் எமர்ஜென்சி டிராலியில் பொதுவாக இருக்கும் ஆம்பூல் 1 மி.லி.; அதில் 0.6 மி.கி. மருந்து. ஏ.சி.எல்.எஸ். கேட்பது 1 மி.கி. அப்படியானால் ஒரு ஆம்பூல் முழுதும், இரண்டாவதிலிருந்து முக்கால் மி.லி.க்குச் சற்றுக் குறைவாகவும் எடுக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம்; மொத்தம் 3 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அது ஐந்து ஆம்பூல். அமியோடரோன் ஆம்பூல் 150 மி.கி.; முதல் டோஸ் 300 என்றால் இரண்டு உடைக்க வேண்டும். அடினோசின் 6 மி.கி. கேட்காவிட்டால் அடுத்தது 12 மி.கி., அதாவது இரண்டு குப்பி. அட்ரினலின் மட்டும்தான் ஒரு ஆம்பூல், ஒரு மில்லிகிராம் என்று அழகாகப் பொருந்தும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆம்பூல் கணக்கில் சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. இன்று டூட்டியிலேயே இதை மாற்றத் தொடங்குங்கள். எந்த மருந்தைச் சொன்னாலும் பெயர், மில்லிகிராம், எந்த வழி, இந்த மூன்றும் வாயில் வர வேண்டும்.

சீனியர் கொடுத்த நோட்டைப் படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கைமாறி கைமாறி வரும் அந்த நோட்டுகள் ஆபத்தானவை. அட்ரோபின் 0.5 மி.கி. என்று இருந்தால் அது 2020-க்கு முந்தைய நோட்டு. வாசோபிரசின் 40 யூனிட் என்று இருந்தால் 2015-க்கு முந்தையது. அசிஸ்டோலுக்கு (துடிப்பே இல்லாத நேர்கோடு) அட்ரோபின் என்று இருந்தால் 2010-க்கும் முந்தையது. அதை எழுதியவர் இப்போது நர்சிங் சூப்பரின்டென்டன்டாகவே இருக்கலாம்! 2025 அக்டோபரில் புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதால், மறுதேர்வு எந்தப் பதிப்பின்படி என்று மையத்தில் கேட்டு, அந்தப் பதிப்பின் புரொவைடர் மேனுவலை மட்டும் படியுங்கள். உயிர் திரும்பிய பிறகான வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு போன்றவை பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன.

இரண்டாவது இடம் வி.எஃப். வந்ததும் அட்ரினலின் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஷாக். டீஃபிப் (ஷாக் கொடுக்கும் இயந்திரம்) சார்ஜ் ஆகும்வரை கம்ப்ரெஷன் (மார்பை அழுத்துவது) நிற்கக் கூடாது. சார்ஜ் ஆனதும் எல்லோரையும் விலகச் சொல்லி, பார்த்து, ஷாக் கொடுத்து, கையெடுத்த அதே நொடியில் திரும்பக் கம்ப்ரெஷன். ஷாக் கொடுத்ததும் மானிட்டரை அண்ணாந்து பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்போது பல்ஸும் பார்க்க வேண்டாம், ரிதமும் பார்க்க வேண்டாம்; ரிதம் ஒழுங்காகியிருந்தாலும் இதயம் உடனே வலுவாகத் துடிக்கத் தொடங்கிவிடாது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு அட்ரினலின் 1 மி.கி.; மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு அமியோடரோன் 300 மி.கி. பிறகு தேவைப்பட்டால் 150. அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தொடரும். ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் 20 மி.லி. சலைன் தள்ளிக் கையை உயர்த்தச் சொல்லுங்கள்.

பட்டன் விஷயம் ஒன்றும் உண்டு. முந்தைய காட்சியில் யாராவது சின்க் (ஷாக்கைத் துடிப்போடு பொருத்தும் பட்டன்) அழுத்திவிட்டுப் போயிருந்தால், வி.எஃப்.பில் இயந்திரம் ஈ.சி.ஜி.யின் கூர்முனையான ஆர் அலையைத் தேடிக்கொண்டே நிற்கும்; ஷாக் போகாது. கை வைத்ததும் சின்க் விளக்கைப் பாருங்கள்.

மூன்றாவது இடம்தான் கடிகாரத்தைப் பார்க்க வைத்தது. மானிட்டரில் ஒழுங்கான ரிதம் வந்தது, ஆர்.ஓ.எஸ்.சி. என்றீர்கள், கம்ப்ரெஷன் நின்றது. பல்ஸ் பார்க்கவில்லை. அது பி.இ.ஏ.; கோடு அழகாக ஓடுகிறது, நாடி இல்லை. ஐ.சி.யூ.வில் ஆர்ட்டீரியல் லைன் (தமனி இரத்த அழுத்தம்) அலையும் எஸ்.பி.ஓ.2 (இரத்த ஆக்சிஜன்) அலையும் பக்கத்திலேயே ஓடுவதால், ரிதத்தைப் பார்த்தாலே இரத்த ஓட்டமும் தெரிந்துவிடும் என்று கண் பழகிவிடுகிறது. மெகாகோட் பொம்மைக்கு அதெல்லாம் கிடையாது. ஒழுங்கான ரிதம் தெரிந்தால் கழுத்து நாடியில் கை வையுங்கள்: ஐந்து நொடிக்குக் குறையாமல், பத்து நொடிக்கு மிகாமல். இல்லையென்றால் உடனே கம்ப்ரெஷன், சீக்கிரமாக அட்ரினலின், பிறகு காரணம் தேடுதல்.

காரணம் தேடுவதையும் வாய்விட்டுச் செய்ய வேண்டும். ஐந்து ஹெச், ஐந்து டி என்று, அந்த எழுத்துகளில் தொடங்கும் காரணங்களின் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தால் மட்டும் போதாது. 'இவருக்கு வாந்தி பேதி என்று சொன்னீர்கள், நீரிழப்பாக இருக்கலாம், சலைன் வேகமாக விடுங்கள்' என்று நோயாளியின் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நோயாளி என்றால் பொட்டாசியம். சென்ட்ரல் லைன் போட்ட கையோடு விழுந்தவர் என்றால் டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்துவது). இந்தக் கதைகளை நீங்கள் நான்கு ஆண்டுகளாகப் பார்க்கிறீர்கள். உங்கள் அனுபவம் கைகொடுக்கும் இடம் இதுதான்.

இன்னொரு ஐ.சி.யூ. பழக்கமும் உண்டு. உங்கள் நோயாளிகள் பெரும்பாலும் மூச்சுக்குழாயில் டியூபோடு இருப்பவர்கள். அவர்களுக்கு நிற்காத கம்ப்ரெஷன், ஆறு நொடிக்கு ஒரு மூச்சு. மெகாகோடில் நோயாளி டியூப் இல்லாமல்தான் தொடங்குவார். அப்போது 30 கம்ப்ரெஷனுக்கு 2 மூச்சு. ஆம்பு பேக்கை (மூச்சுக் கொடுக்கும் பையை) இஷ்டத்துக்கு அழுத்தும் உறுப்பினரை நீங்கள் தடுக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள். கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவி) வைத்திருந்தால் எண்ணை வாசியுங்கள். 10-க்குக் கீழே நின்றால் கம்ப்ரெஷன் தரத்தைப் பாருங்கள். திடீரென்று 40 பக்கம் ஏறினால் நாடி திரும்பியிருக்கலாம்.

தோற்றது ஆங்கிலமா, குரலா?

ஆங்கிலம் அல்ல. தேர்வுத் தாளில் உச்சரிப்புக்கென்று ஒரு கட்டமும் இல்லை. தலைவராக நீங்கள் பணிகளைப் பிரித்துக் கொடுத்தீர்களா, தரமான சி.பி.ஆர். நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டீர்களா, சரியான மருந்தும் ஷாக்கும் சரியான நேரத்தில் வந்தனவா, இவைதாம் கட்டங்கள். தமிழ் கலந்து பேசலாமா என்று பயிற்றுநரிடம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரும் அளவும் ரிதத்தின் பெயரும் தெளிவாக இருந்தால் 'குடுங்க', 'ஆரம்பிங்க' என்பவை தடையாக இருக்கக் காரணமில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'டீமில் ஒரு டியூட்டி டாக்டரும் இருந்தார், அவரிடம் எப்படி ஆர்டர் சொல்வது என்று தயங்கினேன்.' சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். நம் வார்டுகளில் நர்ஸ் ஆர்டர் கேட்பவர். ஆர்டர் சொல்பவர் அல்ல. மருந்து கையில் தயாராக இருக்கும், டாக்டர் வாயைத் திறக்கும்வரை காத்திருப்போம். மெகாகோடில் அந்த ஒழுங்கு தலைகீழ். அந்தப் பத்து நிமிடத்துக்கு டாக்டரானாலும் உங்கள் டீம் உறுப்பினர்தான். நீங்கள் மனதுக்குள் சரியாக நினைத்துவிட்டு, யாராவது சொல்வார்கள் என்று நின்றால், பார்ப்பவருக்குத் தெரிவது மௌனம் மட்டுமே. புத்தகத்தை மூன்றாவது முறை படிப்பதால் இது தீராது.

வாயைப் பழக்குங்கள். வீட்டில் தலையணை ஒன்று, ஃபோனில் 110-க்கு வைத்த மெட்ரோனோம், இரண்டு நிமிட டைமர் போதும். கணவரிடம் பத்துச் சீட்டுகள் கொடுங்கள்: 'வி.எஃப்.', 'பி.இ.ஏ.', 'அசிஸ்டோல்', 'நாடி உண்டு', 'நாடி இல்லை', இப்படி. டைமர் அடிக்கும்போதெல்லாம் அவர் ஒன்றை உருவிக் காட்டட்டும். நீங்கள் நின்றுகொண்டு, கையைக் காட்டி, உரக்கச் சொல்ல வேண்டும்:

'நீங்க கம்ப்ரெஷன். நீங்க ஆம்பு. நீங்க டீஃபிப். நீங்க மருந்து. நீங்க நேரம் எழுதுங்க.'

'வி.எஃப். சார்ஜ் பண்ணுங்க, கம்ப்ரெஷன் நிறுத்த வேண்டாம். எல்லாரும் விலகுங்க. ஷாக். கம்ப்ரெஷன் ஆரம்பிங்க.'

'அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி. குடுங்க.' அவர் 'அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி. குடுத்தாச்சு' என்று திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த வரி. திருப்பிச் சொல்லாவிட்டால் கேளுங்கள்: 'குடுத்தாச்சா?' சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ளும் இந்தப் பழக்கத்தைத் தேர்வில் தேடிப் பார்ப்பார்கள்.

'கம்ப்ரெஷன் ஆழம் போதாது, ஐந்து சென்டிமீட்டர் இறங்கணும். மார்பு முழுசா எழும்பட்டும். ஆள் மாறுங்க.' டாக்டர் தோழரிடம் இதைச் சொல்லும் வாய்தான் உங்களுக்கு வர வேண்டும்.

முதல் மூன்று நாள் சிரிப்பு வரும், பரவாயில்லை. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். இரண்டாவது வாரத்தில் ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே பத்து நொடிக்கு மேல் அமைதி வருகிறதோ அங்கே உங்களுக்கு அடுத்த அடி தெரியவில்லை என்று பொருள். அந்த இடத்துக்கு மட்டும் மேனுவலைத் திறங்கள். பத்து நிமிடக் காட்சியில் கம்ப்ரெஷன் இல்லாத நேரம் மொத்தமாகவே இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. 80 விழுக்காட்டுக்கு மேல் என்று சொல்வது இதைத்தான். நாடி பார்ப்பதில் 15 நொடி, ஷாக்குக்கு முன் 20 நொடி என்று கசிந்துகொண்டே போனால் இலக்கு கைவிட்டுப் போகும்.

நாடி திரும்பியதும் 'முடிந்தது' என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. முடியவில்லை. மூச்சுப்பாதை, கேப்னோகிராஃப், ஆக்சிஜன், இரத்த அழுத்தம், 12 லீட் ஈ.சி.ஜி., சொன்னதைக் கேட்டுச் செய்கிறாரா என்ற சோதனை, செய்யாவிட்டால் வெப்பநிலைக் கட்டுப்பாடு. இதைச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள்தான் தலைவர்.

எழுத்துத் தேர்வின் மூன்று கேள்விகள்

இந்த எழுத்துத் தேர்வில் புரொவைடர் மேனுவலையும் உங்கள் சொந்தக் குறிப்பையும் பார்த்து எழுதலாம். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்களும் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆறு வண்ணச் சீட்டு ஒட்டுங்கள்: கார்டியாக் அரெஸ்ட், பிராடி, டாக்கி (வேகத் துடிப்பு), உயிர் திரும்பிய பின், மாரடைப்பு, ஸ்ட்ரோக். இணையமும் பக்கத்து நாற்காலியும் கூடாது, அவ்வளவுதான்.

ஐ.சி.யூ. நர்ஸ்கள் பொதுவாக அரெஸ்ட் பகுதியில் மதிப்பெண் இழப்பதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் வேலையான மாரடைப்பிலும் ஸ்ட்ரோக்கிலும், டீம் செயல்பாட்டுக் கேள்விகளிலும்தான் போகிறது. நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., ஆஸ்பிரின் 162 முதல் 325 மி.கி., வந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறத்தல், ஸ்ட்ரோக்கில் 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்' என்ற கேள்வியும் சர்க்கரை அளவும், இந்தப் பக்கங்களில் இரண்டு மாலை செலவிடுங்கள். பயிற்சிக்கு முந்தைய சுயமதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுதிப் பாருங்கள். வகுப்புக்குள் நுழைய 70 போதும் என்று நின்றுவிடாமல், 90 தொடும்வரை எழுதுங்கள்.

ஏஜென்ட், சம்பளம், மேலிடம்

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. ஹார்ட்கோட் என்று ஆன்லைன் பாடமுறை உண்மையிலேயே உண்டு. ஆனால் ஆன்லைன் பகுதியை முடித்தால் கிடைப்பது அந்தப் பகுதிக்கான சான்று மட்டும். செய்முறைத் தேர்வையும் நேரில் முடித்தால்தான் புரொவைடர் கார்டு. இ-கார்டில் உள்ள எண்ணை அமெரிக்க இதயச் சங்கத்தின் தளத்தில் போட்டு எந்த முதலாளியும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். அங்கே மாட்டினால் வேலை மட்டுமல்ல, போலி ஆவணம் கொடுத்த வழக்கும் வரும். இப்போது ஒரு கீறலும் இல்லாத உங்கள் நர்சிங் பதிவுக்கு அப்போதுதான் உண்மையான ஆபத்து.

இந்திய ரிசசிடேஷன் கவுன்சில் கூட்டமைப்பின் சி.சி.எல்.எஸ். பயிற்சி வேறொரு வழி. உங்கள் மருத்துவமனை ஏற்றால் உள்ளூருக்கு அது நல்ல பயிற்சிதான். வெளிநாட்டு வேலைக்கு முயல்வதாக இருந்தால், அந்த முதலாளி எந்தக் கார்டைக் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

சம்பளப் பிடித்தம் பற்றி: நான் மருத்துவர், வழக்கறிஞர் அல்ல. வேலை நியமனக் கடிதத்திலோ பயிற்சிக்குப் போகும் முன் கையெழுத்திட்ட தாளிலோ 'தேறாவிட்டால் கட்டணம் திருப்பித் தர வேண்டும்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாய்மொழியாகச் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம்; எந்த விதியின்படி, எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். பிடித்தே விட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. ஆனால் மறுதேர்வு ஐந்து வாரத்தில் இருக்கும்போது சண்டையை இப்போதே தொடங்க வேண்டுமா என்பதை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தேதி முடியும்வரை எழுத்தில் ஒரு கேள்வி மட்டும் போதும்.

பயிற்சி மையத்துக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மெகாகோட் மட்டும் திரும்பச் செய்தால் போதுமா, எழுத்துத் தேர்வும் சேர்த்தா, முழு வகுப்பா? கட்டணம் உண்டா? எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்? உங்கள் தேர்வுத் தாளில் எந்தக் கட்டங்கள் விடுபட்டன என்பதையும் கேளுங்கள். நான் கடிதத்தை வைத்துக் கணித்தேன். அவர்களிடம் தாளே இருக்கிறது.

சூப்பரின்டென்டன்டிடம் விடுப்பு கேட்பதற்குப் பதிலாக இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு இரவு நைட் டூட்டி வேண்டாம் என்பது ஒன்று. தேறி வந்த ஐந்து பேரோடு வாரம் ஒருமுறை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், காலிப் படுக்கையைச் சுற்றி இருபது நிமிட ஒத்திகை என்பது இன்னொன்று. அதில் எமர்ஜென்சி டிராலியைத் திறந்து காலாவதித் தேதியும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அவருக்கும் மறுக்க மனம் வராது. அந்த ஒத்திகையில் தலைவராக நிற்பது ஒவ்வொரு முறையும் நீங்களாகவே இருங்கள். டியூட்டி டாக்டரையும் கூப்பிட்டு, கம்ப்ரெஷன் இடத்தில் நிற்க வையுங்கள்.